மஞ்சள் காகிதத்தில் மாமன்

லோகப்பிரியாவின் மகள் இனியாவுக்குக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. கோயில் முடிவாகிவிட்டது, ஆசாரிக்கும் சொல்லியாகிவிட்டது. குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பது என்பதுதான் பாக்கி. தாய்மாமன் மடியில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய்மாமன் காங்கேயத்தில் நன்றாகவே இருக்கிறார். தங்கையோடு பேச்சு மட்டும் இல்லை.

வந்த வினை ஒரு பத்திரிகையால் வந்தது. அண்ணன் மோகன்குமார் காங்கேயத்தில் புது வீடு கட்டிக் குடிபோனபோது, பத்திரிகையைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளை அப்படி அழைக்கிற வழக்கம் கிடையாது. கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். லோகா அந்தப் படத்தைப் பார்த்தாள். பதில் போடவில்லை, விழாவுக்கும் போகவில்லை. புது வீட்டில் முதல் பாலைக் காய்ச்ச வேண்டியவளே கூடப்பிறந்தவள்தான். அன்றைக்கு அடுப்பின் முன்னால் யாரை நிறுத்துவது என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள் என்று பிறகு உறவுக்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பின் அண்ணனும் அழைக்கவில்லை, தங்கையும் அழைக்கவில்லை.

தோழிகளான நானும் லோகாவும் கிணத்துக்கடவில் ஒரு மாடி அறையில் கையால் வாழ்த்து அட்டைகள் செய்கிறோம். பிறந்தநாள், பெயர் சூட்டல், நன்றி சொல்வது என்று எதற்குக் கேட்டாலும் ரப்பர் அச்சு வெட்டி, தாளில் குத்தி, மடித்து, ஒட்டிக் கொடுப்போம். ஒரு மத்தியானம் லோகா அச்சு வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"எங்க மாமியா, பெரியப்பா பையன் மடியில வெச்சுக்கலாங்கறாங்க, ஹாரி."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. ஒருக்கா வேற ஆள் மடியில வெச்சுட்டா அப்புறம் அண்ணன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்க வாசப்படி ஏறுவாரு? நானும் அங்க போக முடியாது. அத்தோட முடிஞ்சுது."

"போய்க் கூப்பிடு."

"போகத்தான் போறேன். கடையில அடிச்ச பத்திரிகையக் குடுக்க மாட்டேன். அவருக்குன்னு ஒண்ணு நானே செய்யோணும்."

எனக்கு அப்போதே கை பரபரத்தது. பல நாளாக ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஏன் சிவக்கிறது என்றால், மஞ்சளில் இருக்கும் சாயப்பொருள் காரம் பட்டால் நிறம் மாறுகிற குணம் உள்ளது. சுண்ணாம்பு ஒரு காரம். சலவை சோடாவும் அப்படித்தான், சோப்பும் அப்படித்தான். வெள்ளைச் சட்டையில் விழுந்த குழம்புக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை திடீரென்று சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான். அப்படியானால் முழுத் தாளையும் மஞ்சளில் தோய்த்துவிட்டு, ரப்பர் அச்சில் மைக்குப் பதிலாகச் சோடாக் கரைசலைத் தொட்டுக் குத்தினால் என்ன ஆகும்? அச்சில் நிறமே இருக்காது. வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். தாளில் பட்டதும் படம் சிவப்பாக எழுந்து வரும்.

"பத்திரிகைக்கு நாலு மூலையில மஞ்சள் தடவறோம். இது மூலையே இல்லாம முழுசும் மஞ்சள்" என்றேன். லோகாவுக்கு அது பிடித்துவிட்டது.

மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆனால் கை துடைக்கும் சானிடைசரில் நன்றாகக் கரையும். கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, திருப்பூர் பனியன் வெட்டுத்துண்டுகளில் செய்த கெட்டித் தாளில் தூரிகையால் பூசினோம். நிழலில் காய வைத்தோம். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, நிறம் போய்விடும். சோடாக் கரைசலில் கொஞ்சம் கோந்து சேர்த்தேன். இல்லாவிட்டால் தாளில் பட்டதும் பரவிப் படத்தின் விளிம்பெல்லாம் கலைந்துபோகும்.

அச்சு வெட்டுவது லோகாவின் வேலை. ரப்பர் அச்சில் மேடாக நிற்கிற இடம் மட்டும்தான் பதியும், பள்ளம் பதியாது. அதனால் வேண்டியதை வெட்டக் கூடாது, வேண்டாததை வெட்டி எடுக்க வேண்டும். இடமும் வலமும் வேறு மாறி விழும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. தாளில் பென்சிலால் படம் வரைந்து, அதை ரப்பர் மேல் கவிழ்த்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் தானாகவே திரும்பி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே வெட்டிக் குத்தினால் முதலில் வரைந்த மாதிரியே தாளில் வரும். இரண்டு முறை திரும்பினால் நேராகிவிடுகிறது.

அவள் இரண்டு அச்சு வெட்டினாள். ஒன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாமன். இன்னொன்றில் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குழந்தை. தனித்தனியாக வெட்டினால் குழந்தையை மற்ற அட்டைகளுக்கும் பயன்படுத்தலாம். மாமன் முகத்தில் அவள் அதிக நேரம் செலவழித்தது மீசைக்குத்தான்.

"எங்கண்ணனுக்கு மூஞ்சில பாதி மீசைதான்" என்றாள். "அது இல்லாட்டி யாரோ மாதிரி ஆயிரும்."

குத்தினோம். முதலில் ஒன்றுமில்லை, ஈரம் மட்டும். மூச்சு விட்டு முடிப்பதற்குள் செங்கல் நிறத்தில் மாமன் வந்து உட்கார்ந்தார். அப்புறம் குழந்தை. லோகா தாளைக் கையில் எடுக்காமல் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் செவப்பு நிக்குமா?"

"கொஞ்ச நாள்ல மங்கும். அதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை பல்லடம் வழியாகக் காங்கேயம் போனோம். லோகாவும் அவள் கணவர் நிதீஷும் தூங்குகிற இனியாவும், கூட நானும். வெளியாள் ஒருத்தி இருந்தால் அண்ணன் சத்தம் போட மாட்டார் என்பது லோகாவின் கணக்கு. நான் பையில் அச்சுகளையும், சின்னக் கத்தியையும், சோடாக் கரைசல் ஊறிய அச்சுத் திண்டையும் போட்டுக்கொண்டேன். அண்ணன் மனைவிக்கு எப்படிச் செய்தோம் என்று காட்டலாம் என்று ஆசை.

நிதீஷ் வீட்டு முன்னால் காரைத் திருப்பி, ரோட்டைப் பார்த்தாற்போல் நிறுத்தினார்.

"என்னத்துக்குங்க திருப்பறீங்க?" என்று கேட்டேன்.

"தொரத்துனா ரிவர்ஸ் எடுக்கற நேரம் மிச்சமுங்க."

லோகா சிரிக்கவில்லை. கதவு திறந்தது. திறந்தவரைப் பார்த்து அவள் படியிலேயே நின்றுவிட்டாள். மோகன்குமாரின் முகத்தில் மீசை இல்லை. மேலுதடு மழுமழுவென்று இருந்தது. கொஞ்சம் இளைத்தும் போயிருந்தார்.

"வாங்க" என்றார். தனியாக யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கிணத்துக்கடவுப் பக்கம் மழை உண்டுங்களா?"

"இல்லீங்க."

"இங்கயும் இல்லீங்க."

அதோடு மழை முடிந்தது. பின்கட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் மனைவியை இங்கே நங்கை என்பார்கள். லோகா உள்பக்கம் பார்த்து, "நங்கை, சித்த வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் அவசரமாகக் கையை அலம்பி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தார். லோகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கணவரைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கியது.

தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் அட்டை. லோகாவும், இனியாவைத் தோளில் போட்டிருந்த நிதீஷும் தட்டைப் பிடித்து நீட்டினார்கள்.

"இனியாவுக்குக் காது குத்து வெச்சிருக்கறோம். அண்ணனும் நங்கையும் வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

அண்ணன் கை உடனே நீளவில்லை. நங்கை அவர் முழங்கையைத் தொட்டார். பிறகு இருவரும் சேர்ந்து தட்டை வாங்கினார்கள். நங்கையின் கட்டைவிரல் அட்டையின் ஓரத்தில் பட்டது. விரலை எடுத்ததும் அந்த இடம் சிவந்தது. ரேகையெல்லாம் தெரிகிற மாதிரி, பச்சை ரத்தம் தொட்டு வைத்தது போன்ற சிவப்பு.

நங்கை தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ற கை நல்லாத்தான இருக்குது."

லோகாவின் முகம் வெளுத்துவிட்டது. நல்ல காரியத்துக்கான பத்திரிகையில், கொடுத்த கையோடு இப்படி ஒரு கறை. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நினைத்தார்கள் என்று தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அது ஒண்ணுமில்லீங்க, பாத்திரப் பொடியில இருக்கற காரம்..."

"சித்த இருங்க" என்றார் மோகன்குமார். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அவர் வேலை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில். கேட்ட நிறமும் வந்த நிறமும் ஒன்றுதானா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"மஞ்சளா?"

"ஆமாங்ணா" என்றாள் லோகா. இத்தனை காலத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் கேள்வியும் பதிலுமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எதுல கரைச்சே?"

"சானிடைசர்ல."

"பரவால்லியே. தூரிகையில அடிச்சீங்களாக்கும். வரிவரியாத் தெரியுது பாரு. முக்கி எடுத்திருக்கோணும்."

"அத்தாப்பெரிய தட்டு எங்ககிட்ட இல்லீங்ணா."

"குழந்தையக் குளிப்பாட்டற டப்புல முக்குறது."

"தங்கச்சி படியேறி வந்திருக்குது" என்றார் நங்கை. "நீங்க மார்க் போட்டுட்டு நில்லுங்க."

"எலுமிச்சம்பழம் ஒண்ணு கொண்டா. இந்த வெரலை எடுத்தர்றேன்."

அவர் செய்யப்போவது எனக்குப் புரிந்தது. காரம் மாற்றியதை அமிலம் திருப்பிவிடும். நங்கை பழத்தை இரண்டாக அரிந்து கொண்டுவந்தார். மோகன்குமார் அட்டையை ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒரு மூடியை இடது கையில் வைத்துக்கொண்டு, தீக்குச்சியின் நுனியால் சாற்றைத் தொட்டு அந்தக் கட்டைவிரல் ரேகையில் வைத்தார். சிவப்பு, விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கி மறைந்தது. மறுபடியும் வெறும் மஞ்சள். நங்கை வாயில் கை வைத்துக்கொண்டார்.

"சாயம்னா இப்படித்தான்" என்று அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தபோது, இடது கையில் இருந்த பழமூடி லேசாகச் சாய்ந்தது. சாறு நாலைந்து சொட்டு விழுந்து, அட்டையில் பரவி ஓடியது. மாமனின் மீசை போயிற்று. முகம் போயிற்று. ஒற்றியெடுக்க நான் கைக்குட்டையை நீட்டுவதற்குள் தோளும் மடித்த காலும் போய்விட்டன. சாறு ஓடாத பக்கம் குழந்தை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது.

"மாமன் எந்திரிச்சுப் போயிட்டாருங்க" என்றார் நிதீஷ்.

சொன்னபின் அவரே தரையைப் பார்த்தார். லோகாவின் கண் நிறைந்துவிட்டது. மோகன்குமார் பழமூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னு பண்ணலை" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்களாண்ணா."

"அச்சு இருக்குதா?"

நான் பையைத் திறந்தேன். மாமன் அச்சைச் சோடாத் திண்டில் தொட்டுக் குத்தினேன். வரவில்லை. மறுபடியும் குத்தினேன். ஒரு நிழல்கூட வரவில்லை. எலுமிச்சைச் சாறு இன்னும் தாளில் இருந்தது. சோடா அங்கே போனதும் அந்தப் புளிப்போடு மோதி இரண்டும் தீர்ந்துபோகின்றன. மஞ்சளுக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

"காயட்டும்" என்றார் மோகன்குமார். "ஈரத்துணியில ஒத்தி, பேனுக்குக் கீழ வைங்க. நல்லாக் காஞ்சப்புறம் கெட்டியாச் சோடா தொட்டுப் போடுங்க."

அட்டையை ஈரத்துணியால் ஒற்றி மேஜையில் விரித்து வைத்துவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். இனி எழுந்து போக முடியாது. நங்கை டீ போட்டுக் கொண்டுவந்தார். முதலில் பேசியது அண்ணன்தான், அட்டையைப் பார்த்தபடி.

"போன்ல அனுப்புனது தப்புத்தான். ஊரெல்லாம் பத்திரிகை வெச்சுட்டு, உன்ற வீட்டுக்குக் கடைசியா வரலாம்னு நெனச்சேன். நீ எங்க போகப்போறேன்னு. அப்புறம் நாளே இல்லாமப் போச்சு."

"வெளியாளுக்கெல்லாம் நேர்ல. எனக்குப் போன்ல."

"ஆமா."

"இந்த ஆமாவ அன்னைக்குச் சொல்லியிருந்தா அப்பவே பஸ் ஏறியிருப்பேன்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிடுவாரு" என்றார் நங்கை. "உன்ற பேரை எடுத்து அமுக்குவாரு. ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிப்போடுவாரு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

லோகா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பால் யாரு காய்ச்சுனாங்க நங்கை?"

"நான்தான். பொங்கறப்ப இவரு சமையக்கட்டுலயே இல்ல. கொல்லையில போய் மோட்டார ரிப்பேர் பாத்துட்டு இருந்தாரு. நல்லா ஓடிட்டிருந்த மோட்டாரு."

டீ முடிந்தது. நான் அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து மொடமொடப்பாகிவிட்டது. அச்சை எடுத்தபோது லோகா கை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கினாள். என் பையிலிருந்து சின்னக் கத்தியையும் எடுத்தாள்.

"மீசைய எப்பங்ணா எடுத்தீங்க?"

"அது ஆச்சு ஒரு வருசம். நரைக்க ஆரம்பிச்சிருச்சு."

"எனக்குத் தெரியாதில்ல. இருக்குதுன்னே வெட்டிப்போட்டேன்." அவள் கத்தி முனையை ரப்பரில் மாமனின் மேலுதட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இப்ப இருக்கற மாதிரியே எடுத்தர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ரப்பரில் வெட்டி எடுத்த மேட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. மீசை வேண்டாமென்றால் சோடா தொட்டபின் அந்த இடத்தை மட்டும் துணி நுனியால் துடைத்துவிட்டுக் குத்தினாலே போதும். நான் அதைச் சொல்வதற்குள் மோகன்குமார் எட்டி, அச்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"வெட்டாத அம்மணி" என்றார். "வளத்திக்கறேன்."

லோகா அவரைப் பார்த்தாள். கத்தி அவள் விரல்களில் அப்படியே நின்றது.

"நாள் கம்மிங்ணா."

"வளந்த மட்டும் வளரட்டும். எந்தக் கிழமை வருது?"

"வெள்ளி."

"அப்ப வியாழக்கிழமையே லீவு சொல்லோணும்" என்று நங்கையைப் பார்த்தார். நங்கை அப்போதே எழுந்து, சீருக்கு என்னென்ன எடுப்பது என்று நிதீஷிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். நிதீஷ் ஒன்றும் வேண்டாம் என்றார். உங்களைக் கேக்கல, கொலுசு அளவுதான் கேக்கறேன் என்றார் நங்கை.

மோகன்குமார் தானே குத்துவதாகச் சொல்லி அச்சை வாங்கி, சோடாத் திண்டில் அழுத்தித் தொட்டார். அசைக்காமல் நேராக அழுத்தி, நேராக எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அழுத்தும்போது சந்தேகம் வந்து ஒரு பக்கம் சாய்த்தார். எழுந்து வந்த மாமன் பழைய இடத்தில் இல்லை. ஒரு விரல் கீழே தள்ளி, கொஞ்சம் கோணலாக இருந்தார். குழந்தை மடியை விட்டு அவர் நெஞ்சில் ஏறியிருந்தது.

"மார்மேல ஏறி மிதிக்குது" என்றாள் லோகா.

"மிதிக்கட்டும்" என்றார் அண்ணன்.

சத்தத்தில் இனியா விழித்துக்கொண்டாள். நிதீஷின் தோளிலிருந்து இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு புது வீட்டைப் பார்த்தாள், புது ஆட்களைப் பார்த்தாள். அவள் பேச ஆரம்பித்த பிறகு இந்த மாமனைப் பார்த்ததே இல்லை. மோகன்குமார் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை ஒதுக்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வா கண்ணு. இங்க உக்காந்து பாக்கலாம்."

இனியா லோகாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டாள். லோகா அவளைத் தள்ளவில்லை, தூக்கியும் விடவில்லை. நங்கை ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்து கணவரின் கையில் கொடுத்தார். அவர் அதைக் குழந்தையிடம் நீட்டாமல், தன் முழங்காலின் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

குழந்தை ஓர் அடி வந்தாள். நின்றாள். இன்னும் இரண்டு அடி வந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். பாதியைத் தின்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, மீதியோடு திரும்பி வந்து, இடம் சரியாக இருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் மடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

மோகன்குமார் அசையவே இல்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"லோகா, இவ காது ரொம்பச் சின்னதா இருக்குதே" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆசாரி நல்ல ஆளுதான?"